கடனோடு தலையில் கட்டிய இன்சூரன்ஸ்: வங்கி கைவிரித்த பிறகு என்ன செய்வது?

"தங்கள் கோரிக்கையைப் பரிசீலித்தோம். தாங்கள் சம்மதித்துக் கையொப்பமிட்ட பின்னரே பாலிசி வழங்கப்பட்டுள்ளது. எனவே பிரீமியத்தைத் திருப்பித் தர இயலாது." ஏறத்தாழ இந்த வாசகத்தில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வந்ததும் பெரும்பாலானவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். வங்கியே சொல்லிவிட்டது, இனி யாரிடம் போவது என்ற நினைப்புதான். போவதற்கு இடம் இருக்கிறது, அதுவும் செலவில்லாமல். இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

தனிநபர் கடன், வீட்டுக் கடன், தொழில் கடன் என எது வாங்கினாலும் கூடவே ஒரு 'லோன் புரொடெக்ஷன்' பாலிசி வந்து ஒட்டிக்கொள்கிறது. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டும். சில பாலிசிகளில் விபத்து, கடும் நோய், வேலை இழப்பு ஆகியவையும் சேரும். தெரிந்து, விரும்பி எடுத்தால் இது நல்ல பாதுகாப்பு. குடும்பத்தில் ஒருவர் சம்பளம் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு நானே இதைப் பரிந்துரைப்பேன். தவறு எங்கே என்றால், சொல்லாமல் சேர்ப்பதிலும், 'இது இல்லாமல் லோன் பாஸ் ஆகாது' என்று மிரட்டிச் சேர்ப்பதிலும், பயன்படவே முடியாத ஆளுக்கு விற்பதிலும்தான்.

இது நம் ஊருக்கு மட்டுமான நோய் இல்லை. பிரிட்டனில் இதே வகைப் பாலிசியைப் பிபிஐ என்ற பெயரில் கோடிக்கணக்கில் விற்றார்கள். புகார் வந்தபோது வங்கிகள் மறுத்தன, நீதிமன்றம் வரை போயின, 2011இல் தோற்றன. புகார் கொடுக்கக் கடைசி நாளாக 2019 ஆகஸ்ட் 29ஐ அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவிக்க வேண்டியிருந்தது. வங்கிகள் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுண்டுக்கும் மேல். முதலில் 'முடியாது' என்று கடிதம் வாங்கியவர்களில் பலரும் மேலே போய்ப் பணம் பெற்றவர்கள்தான். இந்தியாவில் அப்படி ஒரே வீச்சில் எல்லோருக்கும் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. இங்கே ஒவ்வொருவரும் தன் வழக்கைத் தானே நடத்த வேண்டும். ஆனால் அதற்கு வேண்டிய விதிகள் எல்லாம் நம்மிடமும் இருக்கின்றன.

நிராகரிப்புக் கடிதத்தை முதலில் ஒழுங்காகப் படியுங்கள்

கோபம் தணிந்த பிறகு, பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். அதில் தேட வேண்டியவை இவை.

யார் அனுப்பியது? கிளை மேலாளரா, வாடிக்கையாளர் சேவைப் பிரிவா, தலைமை அலுவலகத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியா? கிளை அளவில் வந்த பதில் என்றால் வங்கிக்குள்ளேயே இன்னும் படிகள் மிச்சம் இருக்கின்றன. வாயால் சொன்ன மறுப்பு எதற்கும் உதவாது. 'எழுத்தில் கொடுங்கள்' என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால், 'இன்ன தேதியில் நேரில் வந்தபோது இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்' என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதுவே பதிவாகிவிடும்.

உள் குறைதீர்ப்பாளர் பார்த்தாரா? ஓரளவு பெரிய வணிக வங்கிகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒரு புகாரை முழுதாகவோ ஓரளவோ நிராகரிக்கும் முன் வங்கி அதைத் தானாகவே அவர் பார்வைக்கு வைக்க வேண்டும். நாம் அவரிடம் நேரடியாகப் போக முடியாது. ஆனால் கடிதத்தில் அவர் பரிசீலித்ததாக ஒரு வரி இல்லை என்றால், 'என் புகார் உள் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்?' என்று கேட்கலாம். இந்த ஒரு கேள்விக்கே கோப்பு மறுபடி திறக்கப்படுவது உண்டு.

என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள்? அதை அடிக்கோடிடுங்கள். உங்கள் பதில் அந்தக் காரணத்துக்கு மட்டுமே இருக்க வேண்டும். கடன் வாங்கிய கதை முழுவதையும் மறுபடி எழுதினால் படிப்பவர் முக்கியமானதைத் தவறவிடுவார்.

தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் காலக்கெடுக்கள் பலவும் அந்த நாளிலிருந்துதான் ஓடும்.

விதி என்ன சொல்கிறது?

இன்சூரன்ஸ் விற்கும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் நிபந்தனை தெளிவானது. வாடிக்கையாளர் காப்பீட்டில் சேர்வது முழுக்க அவர் விருப்பம். கடன் போன்ற சேவைக்கும் இன்சூரன்ஸ் வாங்குவதற்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ முடிச்சுப் போடக் கூடாது. குறிப்பிட்ட நிறுவனத்தின் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. இதோடு 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனமும் இருக்கிறது. அதன் ஐந்து உரிமைகளில் ஒன்று, உங்கள் தேவைக்குப் பொருத்தமான பொருள்தான் உங்களுக்கு விற்கப்பட வேண்டும் என்பது.

2024 அக்டோபர் 1க்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு வலுவான பிடி உண்டு. சில்லறைக் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றை வங்கி தந்தாக வேண்டும். சுருக்கமாக கேஎஃப்எஸ் என்பார்கள். இன்சூரன்ஸ் கட்டணம் உள்பட, மூன்றாம் தரப்புக்காக வங்கி பிடிக்கும் தொகைகள் அதில் தனியாகக் காட்டப்பட வேண்டும். ஆண்டு மொத்தச் செலவு விகிதத்திலும் சேர்க்கப்பட வேண்டும். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. உங்கள் கேஎஃப்எஸ் தாளில் பிரீமியம் இல்லாமல் கடன் கணக்கில் மட்டும் பிடித்திருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்துவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கடனுக்குக் கட்டடத்தின் மீது தீ, வெள்ளம் போன்றவற்றுக்கான காப்பீடு எடுக்கச் சொல்வது நியாயமான கடன் நிபந்தனை. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படியே கட்டாயம். இவற்றை 'தவறான விற்பனை' என்று எழுதினால் புகார் நிற்காது. அங்கேகூட எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்ற தேர்வு உங்களுடையது. நாம் பேசுவது உங்கள் உயிர், உடல்நலம், வேலை ஆகியவற்றின் மீது போட்டுக் கடனில் சேர்த்த பாலிசியைப் பற்றி.

சேர்க்க வேண்டிய தாள்கள்

கடன் விண்ணப்பம், கடன் அனுமதிக் கடிதம், கேஎஃப்எஸ், கடன் ஒப்பந்தம், கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட், பணம் வந்து சேர்ந்த சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட், பாலிசி அல்லது காப்பீட்டுச் சான்றிதழ், காப்பீட்டுக்கான விண்ணப்பப் படிவம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலோர் கையில் இருக்காது. வங்கியிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். முழு விஷயமும் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

அது வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். கையெழுத்து உங்களுடையதா? ஓடிபி வழியாகச் சம்மதம் என்றால், அந்தக் குறுஞ்செய்தியில் இன்சூரன்ஸ் என்ற சொல் இருந்ததா, கடனுக்கான ஓடிபி என்று மட்டும் இருந்ததா? உயரம், எடை, ஆண்டு வருமானம் சரியா? சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு 'எந்த நோயும் இல்லை' என்று கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா? அப்படி இருந்தால் அது வெறும் எழுத்துப் பிழை ஆகாது. நாளை குடும்பம் பணம் கேட்கும்போது 'நோயை மறைத்தார்' என்று கையை விரிக்க அதுவே காரணமாகும். விற்றவர் உங்களைக் கேட்காமலே நிரப்பினார் என்பதற்கும் அதுவே சாட்சி.

மின்னஞ்சல், கைபேசி எண் கட்டங்களையும் பாருங்கள். கிளை ஊழியரின் எண்ணோ, யாருடையதோ தெரியாத மின்னஞ்சலோ இருந்தால் பாலிசி உங்களிடம் வந்து சேரவே இல்லை என்பதற்கு அது பலமான ஆதாரம்.

விற்ற ஊழியரின் பெயரும் குறியீட்டு எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். வங்கியில் யார் வேண்டுமானாலும் இன்சூரன்ஸ் விற்க முடியாது. அதற்கென்று தேர்வு எழுதிச் சான்று பெற்றவர்தான் விற்கலாம். லோன் பிரிவில் உங்களோடு பேசியவர் ஒருவர், படிவத்தில் உள்ள பெயர் இன்னொருவர் என்றால் அதையும் எழுதுங்கள்.

பல நிறுவனங்கள் பாலிசி கொடுக்கும் முன் தொலைபேசியில் அழைத்து, விவரம் சொல்லிச் சம்மதம் கேட்கும். அந்த ஒலிப்பதிவின் நகலைக் கேளுங்கள். பதிவு இருந்து, 'ஆமாம் சார், ஆமாம் சார்' என்று நீங்கள் சொல்லியிருந்தால், அதைக் கேட்டபிறகு வாதத்தை அமைப்பது நல்லது. பதிவு இல்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

பிறகு பாலிசியின் கால அளவு. இருபது வருட வீட்டுக் கடனுக்கு ஐந்து வருடக் காப்பீடு போட்டு, பிரீமியம் முழுவதையும் முதல் நாளே கடனில் சேர்த்துவிடுவது உண்டு. கடனைக் காப்பதற்கான பாலிசி கடனின் கால்பங்குக் காலத்துக்கு மட்டும் இருந்தால் அது யாருடைய தேவைக்கு விற்கப்பட்டது? இந்தக் கேள்வியை அப்படியே கடிதத்தில் எழுதலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு வேலை இழப்புக் காப்பீடு, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவருக்கு அந்த வயதோடு முடிந்துவிடும் காப்பீடு, இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய கடனில் சம்பாதிக்காதவர் பெயரில் காப்பீடு ஆகியவையும் பொருத்தமில்லாத விற்பனைக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்.

வங்கி சொல்லும் காரணங்களும் அவற்றுக்கான பதிலும்

'கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.' முதலில் வருவது எப்போதும் இதுதான். பதில்: கையெழுத்து நான் போட்டதாகவே இருக்கட்டும். கடன் தாள்களுக்கு நடுவே வைத்து, கடன் பணம் வர வேண்டிய அவசரத்தில் வாங்கிய கையெழுத்து விருப்பத்தோடு கொடுத்த சம்மதம் ஆகாது. இது கட்டாயமில்லை என்று எனக்குச் சொன்னதற்கும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பைத் தந்ததற்கும் ஆதாரம் காட்டுங்கள். கட்டாயப்படுத்தவில்லை என்று வங்கி சொல்லலாம். ஆனால் அனுமதிக் கடிதத்தில் ஐந்து லட்சம் என்று போட்டு, பணம் வந்த அன்று பிரீமியம் போக மீதியைத்தான் வரவு வைத்தது என்றால் ஸ்டேட்மென்டே பேசும்.

'ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டது.' பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் பாலிசியை ரத்து செய்யும் உரிமை அது. 2024 விதிகளின்படி 30 நாள். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அந்தக் காலம் ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். எப்போது, எந்த முகவரிக்கு, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினீர்கள், ஆதாரம் கொடுங்கள் என்று கேளுங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம்: காரணம் சொல்லாமல் ரத்து செய்வது வேறு, தவறாக விற்றதற்கு நிவாரணம் கேட்பது வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவதை. ஃப்ரீ லுக் முடிந்தால் முதல் உரிமைதான் போகும். இன்னும் 30 நாள் ஆகாதவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே ரத்துக் கடிதம் கொடுங்கள். அதைவிட எளிய வழி வேறில்லை.

'நாங்கள் வெறும் ஏஜென்ட். இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேளுங்கள்.' இதை ஒருபோதும் ஏற்காதீர்கள். வங்கி பெருநிறுவன முகவராகப் பதிவு செய்து, கமிஷன் வாங்கிக்கொண்டு விற்கிறது. தன் ஊழியர் விற்ற விதத்துக்கு அதுவே பொறுப்பு. வங்கிகள் இன்சூரன்ஸ் விற்கும்போது செய்யும் குறைபாடுகளை, ரிசர்வ் வங்கி நியமிக்கும் வங்கிக் குறைதீர்ப்பாளர் (வங்கியின் உள் குறைதீர்ப்பாளர் இல்லை) விசாரிக்கலாம் என்று 2017 ஜூலை முதலே ரிசர்வ் வங்கி சேர்த்துவிட்டது. 'என் புகார் பாலிசியின் நிபந்தனைகளைப் பற்றியது இல்லை. உங்கள் கிளையில், உங்கள் ஊழியர் விற்ற விதத்தைப் பற்றியது' என்ற வரி கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

'கடனே முடிந்துவிட்டது.' முடிந்தால் என்ன? பணம் பிடித்தது பிடித்ததுதான். தவிரவும், கடனை முன்கூட்டியே அடைத்தவர்களுக்கு மீதமுள்ள காலத்துக்கான சரண்டர் தொகை, அதாவது பாலிசியை இடையில் ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் தொகை, பல பாலிசிகளில் உண்டு. காப்பீட்டுச் சான்றிதழில் சரண்டர் பிரிவைப் பாருங்கள். தவறான விற்பனை என்று நிரூபிக்க முடியாமல் போனாலும் இது தனியே கிடைக்கக்கூடிய பணம். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.

'எங்கள் வங்கிக் கொள்கைப்படி இன்சூரன்ஸ் கட்டாயம்.' இப்படி எழுத்தில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். விதியை மீறியதை அவர்களே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

எவ்வளவு கேட்பது?

பலர் பிரீமியத்தை மட்டும் கேட்கிறார்கள். பிரீமியம் கடனில் சேர்க்கப்பட்டிருந்தால் அதற்கும் வட்டி கட்டியிருக்கிறீர்கள். உதாரணமாக, 22,000 ரூபாய் பிரீமியம், 14 சதவீத வட்டி, ஐந்து வருடக் கடன் என்று வைத்துக்கொள்வோம். அந்த 22,000க்கு மட்டும் மாதம் சுமார் 512 ரூபாய் இஎம்ஐயில் போகிறது. அறுபது மாதத்தில் சுமார் 30,700. வட்டி மட்டும் 8,700 ரூபாய்க்கு மேல். அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: கடன் தொடங்கிய நாளிலிருந்தே பிரீமியம் சேர்க்கப்படாதது போலக் கணக்கை மறுபடி போட வேண்டும், கூடுதலாகக் கட்டிய இஎம்ஐ தொகையைத் திருப்பித் தர வேண்டும், இனி வரும் இஎம்ஐயைக் குறைக்க வேண்டும். மன உளைச்சலுக்கு என்று ஒரு தொகை கேட்பது உங்கள் விருப்பம். அதை நியாயமான அளவில் வையுங்கள். 22,000 ரூபாய் வழக்கில் பத்து லட்சம் கேட்டால் உண்மையான கோரிக்கையின் கனமும் குறைந்துபோகும்.

மறுப்புக்கு மறுப்புக் கடிதம்

தமிழிலேயே எழுதலாம். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மாதிரி:

"பொருள்: கடன் கணக்கு எண் ____, ____ தேதியிட்ட தங்கள் நிராகரிப்புக் கடிதம்.

மேற்கண்ட கடனுடன் எனக்கு விற்கப்பட்ட ____ காப்பீட்டின் பிரீமியம் ரூ. ____ஐத் திருப்பித் தரக் கேட்டிருந்தேன். நான் கையொப்பமிட்டதாகக் கூறி மறுத்துள்ளீர்கள். அந்த மறுப்பை நான் ஏற்கவில்லை.

1. காப்பீடு விருப்பத்துக்கு உட்பட்டது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. காப்பீடு இல்லாமல் கடன் கிடைக்காது என்று கிளையில் கூறப்பட்டது. இது காப்பீட்டையும் கடனையும் இணைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலுக்கு முரணானது.

2. கடன் அனுமதிக் கடிதத்திலும் முக்கிய விவர அறிக்கையிலும் இந்தத் தொகை குறிப்பிடப்படவில்லை. நகல்கள் இணைப்பு 1, 2.

3. விண்ணப்பப் படிவத்தில் என் உடல்நலம் பற்றிய விவரங்கள் என்னைக் கேட்காமல் நிரப்பப்பட்டுள்ளன. நகல் இணைப்பு 3.

பிரீமியத்தையும் அதன் மீது வசூலித்த வட்டியையும் திருப்பித் தருமாறும், சம்மத அழைப்பின் ஒலிப்பதிவு, பாலிசி அனுப்பிய ஆதாரம் ஆகியவற்றின் நகலை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன்."

உங்களுக்குப் பொருந்தாத வரியை எடுத்துவிடுங்கள். கேஎஃப்எஸ்ஸில் தொகை இருந்தும் 'இல்லை' என்று எழுதிவிட்டால் அந்த ஒரு பொய்யை வைத்தே மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். மின்னஞ்சலில் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள், கிளைக்கும் நகல் போடுங்கள். ஸ்பீட் போஸ்டிலும் ஒன்று அனுப்பி ரசீதை வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வங்கித் தளத்தில் புகார் பதிந்தால் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு வெளியே

வங்கி மறுபடியும் மறுத்தாலோ, திருப்தியில்லாத பதில் தந்தாலோ, 30 நாள் ஆகியும் வாய் திறக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் பதியலாம். இணையம் கைவராதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலும் விளக்கம் கேட்கலாம். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 2021 திட்டத்தில் வங்கியின் பதிலுக்குப் பிறகு ஒரு வருட அவகாசம் இருந்தது. ஆனால் இத்தகைய திட்டங்கள் திருத்தப்படுவதுண்டு. அதனால் பதில் வந்த சில வாரங்களுக்குள் பதிந்துவிடுங்கள். அன்று தளத்தில் உள்ள காலக்கெடுவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே புகார்கள் விசாரணைக்குப் போகாமலே திரும்புவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். முதலில் வங்கிக்கு எழுதாமல் நேராக இங்கே வருவது, 30 நாள் முடியும் முன்பே பதிவது, வங்கியின் பதிலை இணைக்காதது, ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போதே இங்கும் போடுவது. கடைசியாகச் சொன்னதை நன்றாக நினைவில் வையுங்கள். நீதிமன்றம் போவதென்றால் அது கடைசிப் படி. முதலிலேயே அங்கே போய்விட்டால் இந்த இலவச வழி அடைபட்டுவிடும்.

கடன் கொடுத்தது வங்கி இல்லை, நிதி நிறுவனம் என்றால்? பெரிய நிதி நிறுவனங்கள் இதே திட்டத்தில் வருகின்றன. வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் வழி வேறு; தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் கொடுக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் நிறுவனத்தின் முழுப் பெயரைப் பாருங்கள். வங்கியின் பெயரும் அதன் வீட்டுக் கடன் துணை நிறுவனத்தின் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிரான பாதை தனி. பாலிசியை ரத்து செய்ய மறுப்பது, சரண்டர் தொகை தராதது, படிவத்தின் நகலைத் தராதது, சொன்னதற்கு மாறான நிபந்தனைகளோடு பாலிசி கொடுத்தது ஆகியவை இதில் சேரும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் சரியான பதில் இல்லை என்றால் காப்பீட்டுத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்தில் பதியுங்கள். 155255 என்ற எண்ணிலும் பேசலாம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஐஆர்டிஏஐ புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருமே தவிர, அதுவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்புச் சொல்பவர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இங்கும் கட்டணம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் நீங்கள் மேலே போகலாம்.

கடனோடு வரும் பாலிசி பெரும்பாலும் குழுக் காப்பீடாக இருக்கும். மூல பாலிசி வங்கியின் பெயரில். உங்களுக்கு ஒரு சான்றிதழ் மட்டும். 'நீங்கள் பாலிசிதாரரே இல்லை' என்று யாராவது சொன்னால் மிரள வேண்டாம். குழுக் காப்பீட்டுப் புகார்களும் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வருகின்றன.

இரண்டில் எதை முதலில் எடுப்பது? விற்ற விதம்தான் பிரச்சினை என்றால் ரிசர்வ் வங்கிப் பாதை என்பேன். பிரீமியத்துக்கான வட்டியைத் திருப்பித் தரவும் இஎம்ஐயை மாற்றவும் வங்கியால்தான் முடியும். இன்சூரன்ஸ் நிறுவனத்தால் பிரீமியத்தை மட்டுமே தர முடியும்.

எல்லாம் கடந்த பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வங்கியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம். இரண்டு வருடக் காலவரம்பு உண்டு. ரிசர்வ் வங்கிப் பாதையில் காத்திருக்கும்போதும் இந்த இரண்டு வருடத்தைக் கண் வைத்துக்கொண்டே இருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முன்கூட்டியே ஆலோசனை கேட்கலாம்.

இடையில் செய்யக் கூடாதவை

கோபத்தில் இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கடன் தவணை தவறியது சிபில் அறிக்கையில் ஏறிவிடும். அதைச் சரிசெய்வது பிரீமியத்தைத் திருப்பி வாங்குவதைவிடக் கடினம்.

'ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாலிசிப் பணம் தயாராக இருக்கிறது, வரி மட்டும் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் உடனே வைத்துவிடுங்கள். ஐஆர்டிஏஐ யாரையும் அப்படி அழைப்பதில்லை. இதை அதுவே பலமுறை எச்சரித்திருக்கிறது. பணம் வாங்கித் தருகிறேன், பாதி கொடு என்று வரும் தரகர்களும் வேண்டாம். மேலே சொன்ன எந்தக் குறைதீர்ப்பாளரிடம் போகவும் தரகர் தேவையில்லை.

கடன் வாங்கியவர் இறந்துபோய், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுத்திருக்கும் குடும்பங்கள் இந்தக் கட்டுரையின் கடிதத்தை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அங்கே பிரீமியம் கேட்பது பெரிய இழப்பு. கேட்க வேண்டியது காப்பீட்டுத் தொகை முழுவதும். காப்பீடு தொடங்கி மூன்று வருடம் கடந்திருந்தால், ஆயுள் காப்பீட்டை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. அதை மேற்கோள் காட்டி நேராகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் பாதையைப் பிடியுங்கள்.

பணம் தர ஒப்புக்கொண்டால்

சில வங்கிகள் குறைதீர்ப்பாளரிடமிருந்து நோட்டீஸ் வந்ததும் தொலைபேசியில் அழைத்து, 'பிரீமியத்தைத் தந்துவிடுகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள்' என்பார்கள். பணம் கணக்கில் ஏறும் முன் எதையும் வாபஸ் வாங்காதீர்கள். எவ்வளவு, வட்டி சேர்த்தா, எந்தத் தேதிக்குள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பிரீமியம் மட்டும் வந்து வட்டி வராவிட்டால், 'ஓரளவு தீர்வாக மட்டுமே பெற்றுக்கொண்டேன்' என்று உடனே பதில் போடுங்கள். 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்று இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

தொகை வந்ததும் புதிய இஎம்ஐ அட்டவணையை வாங்கி, பிரீமியம் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி ரத்தானதற்கு இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து தனியாக ஒரு கடிதமும் வேண்டும். ஆயுள் காப்பீடு என்று சொல்லி அந்தப் பிரீமியத்துக்கு வருமான வரியில் 80சி கழிவு எடுத்திருந்தால், திரும்பி வந்த தொகையை அந்த ஆண்டுக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். பாதுகாப்பு உண்மையிலேயே வேண்டும் என்று தோன்றினால், இந்தப் பாலிசி ரத்தாகும் முன்பே தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.